வெள்ளைப் பொத்தல்

ஆமத்தூர் விலக்கு டீக்கடையில் பாண்டிச்செல்வத்துக்கு டீ கொடுப்பதென்றாலே கடைக்காரருக்கு எரிச்சல் வரும். கிளாஸைக் கையில் வாங்கியதும் மனுசன் குடிக்க மாட்டார். வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்து, கிளாஸை அந்தப் பக்கமாகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடியிலிருந்து விளிம்புவரைக்கும் பார்ப்பார். தூசியோ எறும்போ கீறலோ ஏதாவது இருந்தே தீரும் என்பது அவருடைய நம்பிக்கை. ஒன்றுமே இல்லையென்றால் இன்னும் மோசம். "என்னப்பா, இன்னைக்கு இம்புட்டுச் சுத்தமா இருக்கு?" என்று கடைக்காரரைக் குடைவார்.

பிறவியிலேயே சந்தேகப் பிராணி என்று ஊரில் சொல்வார்கள். அது அநியாயம். பதினேழு வயதுவரை அவரும் நம் எல்லோரையும் போல வாங்கிய கையோடு டீயைக் குடித்தவர்தான். சிவகாசிக்கு வேலைக்குப் போனார் பாருங்கள், அங்கே பிடித்தது இந்தச் சீக்கு.

ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் பிலிம் செக்சனில் வேலை. இருட்டறையில் கழுவிக் காயப்போட்ட நெகட்டிவ்களை, அடியில் டியூப்லைட் எரிகிற கண்ணாடி மேஜைமேல் விரிப்பார்கள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். தாளில் வெள்ளையாக விடவேண்டிய இடம் அதில் கறுப்பாக இருக்கும். மை விழவேண்டிய இடம் வெளிச்சமாக இருக்கும். தூசி பட்டிருந்தால் அந்தக் கறுப்புக்கு நடுவே ஊசிமுனை அளவில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்து கிடக்கும். அதற்குப் பொத்தல் என்று பெயர். மெல்லிய பிரஷ்ஷால் சிவப்பு மையைத் தொட்டு அந்தப் பொத்தல்களை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். காலை எட்டு மணிக்குக் குனிந்தால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் நிமிர்வார். காலண்டர் சீசன் என்றால் அந்த ஆறு மணியும் கிடையாது.

சேர்ந்த இரண்டாம் வருசம் ஓர் அம்மன் காலண்டருக்கு ஆர்டர் வந்தது. அம்மனின் கன்னத்தில் ஒரே ஒரு பொத்தல் எப்படியோ அவர் கண்ணுக்குத் தப்பிவிட்டது. இருபதாயிரம் தாளிலும் அம்மனுக்குக் கன்னத்தில் மச்சம். ஆர்டர் கொடுத்த மளிகைக்கடைக்காரர் பிரஸ் வாசலில் நின்றுகொண்டு, "எங்க ஆத்தாளுக்கு மச்சம் வச்சது எவம்லே?" என்று கேட்டார். செக்சனில் இருந்த அத்தனை பேரும் பாண்டிச்செல்வத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து மேஜைக்காரன் வேண்டுமென்றே ஊசியால் குத்திவிட்டான் என்று இன்றைக்கும் சொல்லுவார். அன்றிலிருந்து உலகத்தில் அவருக்கு ஒரே விரோதி, வெள்ளைப் புள்ளி. 'பொத்தல் பாண்டி' என்று பேரும் வந்தது. பதினாறு வருசம் அந்த வேலையைப் பார்த்தார்.

அப்புறம் பிலிமே இல்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து நேராக அச்சுப் பிளேட் போட ஆரம்பித்தார்கள். பிலிம் செக்சனைப் பூட்டினார்கள். அதற்காக அவர் ஒன்றும் அழவில்லை. கழுத்துவலி போனதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு ஊருக்கு வந்து, இருந்த மானாவாரி நிலத்தில் மக்காச்சோளம் போட்டார், கண்மாய் பெருகும் வருசங்களில் மீன் பிடித்தார். ஆனால் அந்தப் பார்வை மட்டும் பிரஸ்ஸை விட்டு அவர்கூடவே ஊருக்கு வந்துவிட்டது.

அவருடைய மனைவி முத்துச்செல்வி. கல்யாணமாகிப் பத்து வருசம் பிள்ளை இல்லை. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட பிறகு கீர்த்திகா பிறந்தாள். பிள்ளைக்கு மூன்று வயது முடியும் தை மாசம், ஆத்தா சந்நிதியில் முடியிறக்கிக் காது குத்துவதாக நேர்த்திக்கடன். தை மூன்றாம் வெள்ளி என்று நாளும் குறித்தாயிற்று. காது குத்தும்போது பிள்ளை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில். முத்துச்செல்விக்குக் கூடப் பிறந்தவன் ஒரே தம்பி, பெத்தணன். இவன் மடியை விட்டால் பிள்ளைக்கு வேறு மடி கிடையாது. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

பெத்தணன் கண்மாய்க் கரையை ஒட்டிய தெருவில் இருந்தான். அதிகம் பேச மாட்டான். கண்மாய் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் மேடு, கோடையில் எங்கே என்ன முளைத்துக் கிடந்தது என்பதெல்லாம் கேட்டால் சொல்லுவான். கேட்காவிட்டால் சொல்ல மாட்டான். அந்த வருசம் ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் கலுங்கு தட்டி நிரம்பி நின்றது. விருதுநகர் மீன்கடைக்காரர் ஜெகபர் அலி மீன் குத்தகை எடுத்து, கட்லாவும் ரோகுவும் விட்டு, ஒரு சின்ன பைபர் படகும் வாங்கிப் போட்டிருந்தார். சாயங்காலம் மச்சானும் மைத்துனனும் படகில் போய் வலை கட்டிவிட்டு வருவார்கள். விடிந்ததும் பெத்தணன் தனியாக லாரி டியூபில் போய் வலையை எடுப்பான். பாண்டிச்செல்வம் மீனை வண்டியில் கட்டி விருதுநகருக்குக் கொண்டுபோவார். மார்கழிவரை ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

மார்கழிக் கடைசியில் ஜெகபர் அலி ஒரு அட்டைப்பெட்டியோடு கரைக்கு வந்தார். உள்ளே தோசைக்கல் அகலத்தில் ஒரு திரை, அதோடு ஒயரில் கோத்த கறுப்புக் குழல் ஒன்று.

"அண்ணாச்சி, இது பக்கவாட்டுல பாக்குற மிஷினு. இந்தக் குழலப் படகுக்கு அடியில தண்ணியில முக்கி வச்சிரணும். இது சத்தத்த அனுப்பும். அந்தச் சத்தம் எதுல பட்டுத் திரும்புதோ, அத வச்சுப் படகுக்கு ரெண்டு பக்கமும் தண்ணிக்குள்ள என்ன கெடக்குன்னு படமாப் போட்டுரும். தூத்துக்குடியில எங்க சகலை போட்டுல இருந்தது. அவரு புதுசு வாங்கிட்டாரு."

"பழச எதுக்குச் சும்மா தர்றாரு பாய்? கெட்டுப் போயிருக்குமோ?" என்றார் பாண்டிச்செல்வம்.

"நல்ல கதையா இருக்கே. மீனைக் காட்டுற மிஷின் அண்ணாச்சி."

"எப்படிப் பாக்கணும்னு சொன்னாரா?"

"சொன்னாரு. எனக்குத்தான் வெளங்கல. படத்துல குத்தங்கொறை பாக்குறதுக்கு ஒங்கள விட ஆளு உண்டா? நீங்களே பாத்துக்கிடுவீகன்னுதான் தூக்கிட்டு வந்தேன்."

அந்த ஒரு வார்த்தையில் பாண்டிச்செல்வத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. திரையை மஞ்சள், நீலம், பழுப்பு என்று ஐந்தாறு நிறத்தில் மாற்றலாம். அவர் கறுப்பு வெள்ளையில் வைத்துக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலமே பெத்தணன் துடுப்புப் போட, அவர் திரைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தார். நடுவே படகு போகிற பாதை ஒரு கோடு. இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் கண்மாய்த் தரை மெதுவாக விரிந்து வந்தது. அங்கங்கே பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். கண்மாயின் தென்பக்கம் போனதும் திட்டுத்திட்டாகப் பெரிய கறுப்பு. பார்த்த மாத்திரத்தில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"மாப்ள, கறுப்பா அடைஞ்சு கெடக்கு பாரு. மீன் கூட்டம். வலைய இங்கன கட்டு."

பெத்தணன் எட்டிப் பார்த்தான். "இது கருவ மரம் நிக்கிற எடம் மச்சான். போன கோடையில ஆடு மேஞ்ச எடம். இங்கன வலை கட்டினா முள்ளுல மாட்டிக் கிளிஞ்சிரும்."

"மரம் இருந்தா மரம் மாதிரில்ல தெரியணும்?"

"அப்ப இந்த வெள்ளை வெள்ளையாத் தெரியுதே, அது என்ன?"

"அது பொத்தல். பழைய மிஷினுல்ல, தூசி அடைஞ்சிருக்கும்." விரலை எச்சில் தொட்டுத் திரையைத் துடைத்துக்கூடப் பார்த்தார். புள்ளிகள் போகவில்லை.

பெத்தணன் அவர் சொன்ன இடத்தில் வலையைக் கட்டினான். ஆனால் கரைக்குத் திரும்பும்போது பாண்டிச்செல்வத்தின் மனசில் ஒரு சின்னப் பொத்தல் விழுந்துவிட்டது. இம்புட்டு மீன் கிடக்கிற இடத்தில் வலை கட்டாதே என்று இவன் ஏன் தடுக்கிறான்?

மறுநாள் காலையில் வலையில் வந்தது நாலு ஜிலேபிக் கெண்டை. வலையில் மூன்று இடத்தில் கிழிசல். அதற்கு மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் கிழிசல் மட்டும் வந்தது, கெண்டையும் இல்லை. சாயங்காலம் திரையில் பார்த்தால் கறுப்பு அப்படியே அடைந்து கிடக்கிறது. காலையில் வலையில் ஒன்றும் இல்லை. நடுவில் வலைக்குப் போகிறவன் ஒரே ஒருத்தன்.

சந்தேகம் ஒருதரம் உள்ளே வந்துவிட்டால் அதற்குச் சோறு போட ஆளா தேட வேண்டும்? பார்க்கிறதெல்லாம் அதற்குத் தீனிதான். பெத்தணன் வீட்டுப் பூனை கொழுத்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. பெத்தணன் பெஞ்சாதி செல்லத்தாய் புளி வாங்கிக்கொண்டு போனாள்; புளி எதற்கு, குழம்புக்கு; என்ன குழம்பு? அவன் சிரித்துப் பேசினால் ஏய்க்கிறான் என்று பட்டது. பேசாமல் போனால் மறைக்கிறான் என்று பட்டது. பாவம், அவன் எப்படித்தான் இருப்பது?

வீட்டில் மெதுவாகப் பேச்சை எடுத்தார். "ஒந் தம்பி இப்பல்லாம் மீனை வேற எங்கயும் போடுதானோ?"

முத்துச்செல்வி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன கேக்கீக?"

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேக்குற கேள்வியா இது? அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி அவன் மடியில நம்ம பிள்ளைய உக்கார வைக்கப் போறோம். நெனப்பு இருக்கா ஒங்களுக்கு?"

நினைப்பு இருந்தது. அதனால்தான் அவருக்கு இன்னும் அவசரம். களவாணி மடியில் பிள்ளையை உட்கார வைப்பதா? அதற்குள் விஷயம் இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும் என்று முடிவுகட்டினார்.

புதன்கிழமை விடியற்காலையில் கரைமேல் நின்ற புளியமரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். வெளுத்துக்கொண்டு வந்தது. பெத்தணன் டியூபில் உட்கார்ந்து தென்பக்கம் போனான். வலையைப் பிடித்து இழுத்தான். அது வரவில்லை. இடுப்பு மடியிலிருந்து எதையோ எடுத்தான். அப்போதுதான் எழும்பிய வெயில் பட்டு அது பளிச்சென்றது. கத்தி. தண்ணீருக்குள் கையை விட்டு வலையை அறுத்தான். பாண்டிச்செல்வம் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

அவன் கரையேறும்போது படித்துறையில் ஏழெட்டுப் பேர் குளித்துக்கொண்டும் பல் விளக்கிக்கொண்டும் இருந்தார்கள். பாண்டிச்செல்வம் நேரே போய் அவன் முன்னால் நின்றார்.

"மடிய அவுரு."

"என்ன மச்சான்?"

"ஒன் இடுப்பு மடிய அவுத்துக் காட்டுன்னு சொல்றேன். எல்லாரும் பாக்கட்டும்."

பெத்தணன் ஈரக் கைலியோடு நின்றான். சுற்றிலும் பார்த்தான். பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அவன் மடியை அவிழ்த்தான். ஒரு சின்னக் கத்தி, ஒரு நூல்கண்டு, வலை பின்னுகிற ஊசி, மூன்றும் படியில் விழுந்தன.

"கத்தியால அறுத்து மீனை எடுக்குறது. அப்புறம் நூலால தச்சு வைக்குறது. நான் கண்ணு தெரியாதவன்னு நெனச்சியாலே?"

"முள்ளுல சுத்திக்கிட்டா அறுக்காம எப்படி மச்சான் எடுக்குறது? கிளிஞ்சத நாந்தான் தினம் தச்சுக்கிட்டு இருக்கேன்."

"மிஷின்ல மீனு கெடக்குது. வலையில இல்ல. நடுவுல யாரு?"

பெத்தணன் குனிந்து நூல்கண்டை எடுத்தான். ஊசியை எடுத்தான். கத்தியை எடுக்கவில்லை. நிமிர்ந்தபோது முகம் செத்துப் போயிருந்தது.

"அவுத்துக் காட்டியாச்சு மச்சான். இனிமே இந்த மடியில ஒங்க பிள்ளைய உக்கார வைக்காதீக."

அவ்வளவுதான் சொன்னான். போய்விட்டான்.

இவர் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே செய்தி வந்துவிட்டது. முத்துச்செல்வி வாசலிலேயே நின்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"எந் தம்பி மடியில உக்காராம எம் பிள்ளைக்குக் காது குத்தப்படாது," என்றாள். "ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டது தப்பினாலும் தப்பட்டும், அந்தப் பாவம் ஒங்க தலையில. இல்லைன்னா ஒங்க மிஷினு மடியில உக்கார வச்சுக் குத்திக்கோங்க."

அதற்குப் பிறகு சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். காதுகுத்து வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

பாண்டிச்செல்வம் தனியாகவே படகை எடுத்தார். திருடன் போய்விட்டான், இனிமேல் மீன் வரும் என்று கணக்குப் போட்டார். கறுப்பு இருந்த இடமாகப் பார்த்து வலை கட்டினார். வலை முன்னைப்போலவே கிழிந்தது, வெறுமையாக வந்தது. அப்பவாவது புத்தி வந்ததா? பெத்தணன் ஆள் வைத்து அறுக்கிறான் என்று நினைத்தார். சொல்லவே எனக்குக் கூசுகிறது, நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்மாய்க்கு நடுவே போனார். அங்கே தண்ணீருக்கு அடியில் ஒரு கிணறு உண்டு. கோடையில் கண்மாய் வற்றும்போது குடிதண்ணீருக்காகத் தோண்டியது. கிணற்றுக்குக் கிழக்கே ஆள் உயரத்தில் ஒரு கல்தூண் நிற்கும். சின்ன வயதிலிருந்து அதில் ஆடு கட்டியிருக்கிறார், ஏறிக் குதித்திருக்கிறார். அது கிழக்கே நிற்கிறது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

கிணற்றுக்கு மேற்கே படகை விட்டார். திரையில் கிணறு வட்டமாகத் தெரிந்தது. அதற்குக் கிழக்கே ஒரு வெள்ளைப் புள்ளி, பொத்தல்தான். அதை ஒட்டி நீளமாகக் கறுப்பாய் ஒரு தடி, கிழக்கே பார்த்துக் கிடந்தது. தூண் அதுதான், சரியாக இருக்கிறது. கொஞ்ச தூரம் போய்ச் சுற்றிக்கொண்டு கிணற்றுக்கும் அந்தப் புள்ளிக்கும் கிழக்குப் பக்கமாகத் திரும்பி வந்தார். திரையைப் பார்த்தவர் துடுப்பை நிறுத்திவிட்டார். கறுப்புத் தடி இப்போது மேற்கே பார்த்துக் கிணற்றின்மேல் விழுந்து கிடந்தது.

பத்து நிமிஷத்தில் தூண் இடம் மாறியிருக்கிறது. நீங்களும் நானும் என்றால் மிஷினைச் சந்தேகப்படுவோம். பாண்டிச்செல்வம் தலையை நிமிர்த்திக் கண்மாயைச் சுற்றிப் பார்த்தார், எவன் வந்து தூணை நகர்த்தியது என்று. தூரத்தில் எருமை குளித்தது. நாலைந்து நீர்க்காகங்கள் உட்கார்ந்திருந்தன. வேறு ஆள் இல்லை.

படகில் மூங்கில் கழி கிடந்தது. கறுப்பு தெரிந்த இடத்துக்குப் படகை நகர்த்தி, கழியை இறக்கினார். ஒன்றிலும் தட்டாமல் போய்ச் சேற்றில் குத்தி நின்றது. நாலு இடத்தில் குத்தினார். நாலு இடத்திலும் சேறு. கடைசியில், ஏதோ ஒரு வீம்புக்கு, பொத்தல் தெரிந்த இடத்தில் இறக்கினார். பாதித் தண்ணீரிலேயே டொக்கென்று கல்லில் மோதியது. எடுத்து மறுபடி இறக்கினார். டொக்.

கழியைப் பிடித்தபடியே படகில் உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கல்லில் பட்டுத் திரும்பினால் வெள்ளை. கல்லுக்குப் பின்னால் சத்தம் போகாத இடம் கறுப்பு. அந்தக் கறுப்பு வெறும் நிழல். படகு எந்தப் பக்கம் நிற்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நிழல் விழுகிறது, தூண் எங்கேயும் போகவில்லை. தென்பக்கத்துக் கறுப்பெல்லாம் கருவ மரத்தின் நிழல். கருவ மரம் இருக்கிற இடம் என்று அவன் முதல் நாளே சொன்னான். மீன் என்பது இத்தனை நாளாக அவர் எச்சில் தொட்டுத் துடைத்த அந்தப் பொடி வெள்ளைப் புள்ளிகள். பதினாறு வருசம் பொத்தல் பொத்தல் என்று அடைத்தவருக்கு, திரையில் மீன் நீந்திப் போனது பொத்தலாகத்தான் தெரிந்தது. நெகட்டிவிலேயே பிழைத்தவன் நெகட்டிவைப் பார்த்து ஏமாந்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். படித்துறையில் பெத்தணன் ஈரக் கைலியோடு நின்றது கண்முன்னால் வந்தது. அந்த நடுக் கண்மாயில், யாரும் இல்லாத இடத்தில், வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்றைக்குச் சாயங்காலம் வடபக்கம், வெள்ளைப் புள்ளிகள் மொய்த்துக் கிடந்த இடத்தில், ஒரு கறுப்பும் இல்லாத இடமாகப் பார்த்து வலை கட்டினார். திங்கட்கிழமை காலையில் வலையைத் தனி ஆளாகத் தூக்க முடியவில்லை. கட்லாவாகக் கிடந்தது. வலையில் ஒரு கண்ணிகூடக் கிழியவில்லை. அவருக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

இருந்ததிலேயே பெரிய கட்லாவை எடுத்துக்கொண்டு பெத்தணன் வீட்டுக்குப் போனார். வாசலில் செல்லத்தாய் நின்றாள். உள்ளே பெத்தணன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வாங்கண்ணே," என்றாள் செல்லத்தாய். மீனைக் கையில் வாங்கவில்லை. "மீனு வேண்டாம். எங்க வீட்டுல மீனு கொதிச்சா, எங்கேருந்து வந்துச்சுன்னு ஊரு கேக்கும்."

அவர் உள்ளே பார்த்துச் சொன்னார்: "மாப்ள, தப்பு எம்மேலதான். நாந்தான் மிஷினத் தலகீழாப் பாத்துட்டேன். கறுப்பெல்லாம் நெழலு. நீ சொன்ன மாதிரி மரந்தான்."

பெத்தணன் திரும்பவில்லை.

"மிஷினத் தலகீழாப் பாத்தீக, சரி," என்றான். "என்னைய எப்படிப் பாத்தீக?"

பாண்டிச்செல்வம் மீனைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே நடந்தார்.

நடந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. படித்துறையில் நாலு பேருக்கு முன்னால் சொன்னதை ஒரு வீட்டு வாசலில் போய்த் திருப்பி எடுத்தால் சரியாகிவிடுமா என்று அவருக்கே உறைத்தது. விலக்கு டீக்கடைக்குப் போனார். பட்டாசுக் கம்பெனி வேனுக்குக் காத்திருக்கிற கூட்டம் முழுக்க அங்கே நின்றது. பெஞ்சு ஓரமாக நின்று, "எல்லாரும் கேட்டுக்கோங்க. பெத்தணன் களவாங்கல. எம் பார்வதான் கோணிப் போச்சு. அவன் சுத்தமான ஆளு," என்றார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் ஒரு டீயை அவர் கையில் கொடுத்தார். அதைத் தூக்கிப் பார்க்காமல் குடித்தார். உள்ளே எறும்பு கிடந்தது என்று பிற்பாடு கடைக்காரர் சொன்னார். அது அவர் குசும்பு.

வெள்ளிக்கிழமை வரைக்கும் பெத்தணனிடமிருந்து ஒரு தாக்கலும் இல்லை. முத்துச்செல்வி பிள்ளையைக் குளிப்பாட்டிப் பாவாடை கட்டி வேனில் ஏற்றினாள். "அவன் வரலைன்னா முடி மட்டும் எறக்கிட்டு வந்துருவேன். ஊசி எம் பிள்ள மேல படாது," என்றாள். ஒன்பது நாளில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

இருக்கன்குடியில் தை வெள்ளி என்றால் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் பானைப் புகை, மொட்டைத் தலைகள், கிடாய்கள், கூட்டம். கீர்த்திகாவுக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியாயிற்று. மரத்தடியில் ஆசாரி தட்டையும் ஊசியையும் எடுத்து வைத்துக்கொண்டு, "தாய்மாமன் எங்க? கூப்பிடுங்க, அடுத்த பிள்ளை காத்திருக்கு," என்றார். சொந்தக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பாண்டிச்செல்வம் ரோட்டைப் பார்த்தார். ஒரு பஸ் வந்து கூட்டத்தை இறக்கிவிட்டுப் போனது. இன்னொரு பஸ் வந்தது. வர மாட்டான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. வராமல் இருப்பதுதான் நியாயம் என்றும் முதல்தடவையாகத் தோன்றியது.

"மாமா," என்று கீர்த்திகா கையை நீட்டினாள்.

பெத்தணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். புது வேட்டி கட்டியிருந்தான். பின்னால் செல்லத்தாய் சீர்த்தட்டோடு வந்தாள். முத்துச்செல்வி அழுதுகொண்டே பிள்ளையைத் தூக்கித் தம்பியிடம் கொடுக்கப் போனாள். அவன் கையைக் காட்டித் தடுத்தான்.

"இருக்கா. மச்சான் தரட்டும்."

பாண்டிச்செல்வத்துக்கு முன்னால் வந்து நின்றான். வேட்டி மடியை அவிழ்த்தான். உள்ளே அரை டிராயர் தெரிய, வேட்டியின் இரண்டு முனையையும் விரித்துப் பிடித்து ஒரு உதறு உதறினான். ஒன்றும் விழவில்லை. சொந்தபந்தம் மொத்தமும் பார்த்துக்கொண்டு நின்றது.

"வெளிச்சம் போதுமா மச்சான்? நல்லாப் பாத்துக்கோங்க."

குரலில் கோபம் இல்லை. இருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பாண்டிச்செல்வத்துக்கு. எத்தனையோ வருசமாக எதை நீட்டினாலும் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்த மனுசனால் அந்த வெள்ளை வேட்டியை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. "பாக்கல மாப்ள, நான் பாக்கல," என்றார். அது அவன் காதில் விழுந்ததா என்று தெரியாது.

பெத்தணன் வேட்டியைத் திரும்பக் கட்டிக்கொண்டு மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பாண்டிச்செல்வம் பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் வைத்தார்.

கீர்த்திகா ஆசாரியின் கையைப் பார்த்தாள். சந்தனத் தலையைத் திருப்பி, "மாமா, வலிக்குமா?" என்று கேட்டாள்.

"வலிக்கும் தாயி," என்றான் பெத்தணன். பிள்ளையின் இரண்டு கையையும் தன் கைக்குள் பொத்திக்கொண்டான். "மாமனுக்கும் வலிச்சுச்சு. வந்து உக்காந்துட்டேன்ல."

ஆசாரி ஊசியை எடுத்தார்.